258 ஆண்டுகள் நின்ற ‘கோணல் வீடு’ மீண்டும் எழுமா? இங்கிலாந்து கிராம மதுவிடுதியின் கட்டடக்கலை - ஒரு விளக்கம்

லண்டன்: இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில், ஹிம்லி கிராமத்தை ஒட்டி நின்ற ‘தி க்ரூக்கட் ஹவுஸ்’ என்ற மதுவிடுதி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு தீப்பிடித்து எரிந்தது. அடுத்த இரண்டு நாட்களுக்குள், ஆகஸ்ட் 7ஆம் தேதி, எஞ்சியிருந்த சுவர்களும் கனரக இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டன. 1765இல் கட்டப்பட்டு 258 ஆண்டுகள் நின்றிருந்த கட்டடம், செங்கற் குவியலாக மாறியது.

‘கோணல் வீடு’ என்று பொருள்படும் அப்பெயர் வெறும் அலங்காரம் அன்று. கட்டடத்தின் ஒரு முனை மறுமுனையைவிடச் சுமார் 4 அடி தாழ்ந்திருந்தது. பிரிட்டனிலேயே மிகக் கோணலான மதுவிடுதி என்று புகழ்பெற்ற அதைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்தனர். அதை முன்பிருந்த வடிவிலேயே மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் 2024இல் உத்தரவிட்டது.

ஒரு சிற்றூர் மதுவிடுதிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? நிலம் தாழ்ந்ததால் சாய்ந்த ஒரு கட்டடத்தை, அதே சாய்வுடன் மறுபடியும் கட்ட இயலுமா? இக்கேள்விகளுக்கான விடை, இங்கிலாந்து கிராம மதுவிடுதிகளின் கட்டட அமைப்பிலும், அவற்றைக் காக்கும் சட்டத்தின் இடைவெளிகளிலும் இருக்கிறது.

மதுவிடுதி என்பது முதலில் ஒரு வீடு

‘பப்’ என்று உலகெங்கும் அறியப்படும் சொல், ‘பொது இல்லம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். கட்டட வரலாற்றின் அடிப்படையிலும் அப்பெயர் பொருத்தமானதே. இங்கிலாந்தில் மது அருந்தும் இடங்கள் பழங்காலத்தில் மூன்று வகையாக இருந்தன.

முதலாவது, பயணிகள் தங்கும் விடுதி. இதில் குதிரை லாயம், முற்றம், படுக்கை அறைகள் ஆகியவை இருக்கும். சோமர்செட் பகுதியின் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்தில் உள்ள ‘தி ஜார்ஜ் இன்’ இதற்குச் சிறந்த சான்று. இடைக்காலத்தைச் சேர்ந்த அக்கட்டடத்தின் தரைத்தளம் கல்லால் ஆனது. அதன்மேல் உள்ள தளங்கள் மரச்சட்டங்களால் பின்னப்பட்டு, தெருவை நோக்கிச் சற்றே நீண்டு நிற்கின்றன. அப்பகுதியின் ஹின்டன் மடத்துத் துறவிகள் நடத்திய கம்பளி வணிகத்துடன் தொடர்புடைய கட்டடம் அது.

இரண்டாவது, நகரத்துச் செல்வந்தர்களுக்குத் திராட்சை மது விற்ற கூடம். மூன்றாவதுதான் கிராமத்து எளியோரின் மதுவிடுதி. இதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்பப்படவில்லை. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே மது காய்ச்சி, முன்னறையில் அமர்ந்திருப்போருக்கு ஊற்றிக் கொடுத்தது. கணப்பு அடுப்பைச் சுற்றிப் பலகைகள், பீப்பாய்களைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு நிலவறை, வழிப்போக்கர் கண்ணில் படும்படி வாசலில் ஓர் அடையாளப் பலகை ஆகியவையே அந்த வீட்டைப் பொது இடமாக மாற்றப் போதுமானவையாக இருந்தன.

பீர் விற்பனைக்கென 1830இல் இயற்றப்பட்ட சட்டம் இந்த மூன்றாம் வகையை நாடெங்கும் பெருக்கியது. உள்ளூர் வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் 2 கினி கட்டணத்தில் உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. ‘ஜின்’ போன்ற கடும் மதுவிலிருந்து மக்களைப் பீரின் பக்கம் திருப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பண்ணை வீடாகக் கட்டப்பட்ட ‘கோணல் வீடு’ மதுவிடுதியானதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

ஆகவே, இத்தகைய விடுதிகளில் கோட்டை போன்ற பிரம்மாண்டத்தையோ, பெயர் பெற்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தையோ தேடுவதில் பயனில்லை. உள்ளூர்க் கொத்தனார், உள்ளூர்ச் செங்கல், உள்ளூர் வழக்கம் ஆகியவற்றின் விளைவே அவற்றின் அழகு. காலப்போக்கில் அறைகள் பிரிக்கப்பட்டன. உழைப்பாளர்களுக்கான எளிய பொது அறை, சற்றுக் கூடுதல் விலையில் மெத்தை இருக்கைகள் கொண்ட அறை, கதவடைத்துக் கொண்டு தனியே அமரத்தக்க சிற்றறை என்று அவை அமைந்தன. அன்றைய சமூகப் படிநிலையை அந்தத் தடுப்புச் சுவர்களிலேயே காண முடியும்.

நிலக்கரி சாய்த்த வீடு

ஹிம்லியை அடுத்த டட்லி நகரமும் அதன் சுற்றுப்புறமும் ‘கறுப்பு நாடு’ என்று அழைக்கப்படும் தொழிற்பகுதியைச் சேர்ந்தவை. நிலக்கரி, இரும்பு உருக்காலை, புகை ஆகியவற்றோடு அப்பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. அங்கு நிலத்துக்கடியில் உள்ள முதன்மையான நிலக்கரிப் படுகை சுமார் 30 அடி தடிமன் கொண்டது. பிரிட்டனின் மிகத் தடித்த படுகைகளுள் ஒன்றான அதை, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தொழிலாளர்கள் தீவிரமாக வெட்டி எடுத்தனர்.

அத்தனை தடிமனான கரி வெளியேறும்போது நிலத்துக்கடியில் பெரும் வெற்றிடம் உருவாகிறது. கூரையைத் தாங்குவதற்காக விடப்படும் கரித் தூண்கள் நாளடைவில் நொறுங்கும்போது, மேலுள்ள பாறை அடுக்குகள் அமிழ்கின்றன. அந்த அமிழ்வு நிலத்தின் மேற்பரப்பு வரை எட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பண்ணை வீட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. வீட்டின் ஒரு பக்கத்து நிலம் தாழ, வீடும் அதனுடன் தாழ்ந்தது.

பொதுவாக அடித்தளம் சீரற்றுத் தாழ்ந்தால் சுவர் விரிசல் விட்டு உடையும். இங்கோ சுவர்கள், தளங்கள், கதவு நிலைகள், சன்னல்கள் அனைத்தும் ஒரே திசையில் சேர்ந்து சாய்ந்தன. அக்காலத்து இங்கிலாந்துச் செங்கற் கட்டடங்களில் வழக்கமாகப் பயன்பட்ட சுண்ணாம்புச் சாந்து இத்தகைய மெதுவான அசைவுக்கு ஓரளவு இடங்கொடுக்கும் இயல்புடையது. இன்றைய சிமெண்டைப் போல அது விறைத்து நிற்பதில்லை.

உள்ளூர் மக்கள் முதலில் இதை ‘சைடன் ஹவுஸ்’ என்று அழைத்தனர். ‘சைடன்’ என்பது அவ்வட்டார வழக்கில் கோணல் என்று பொருள்படும். பின்னர் நில உரிமையாளரான சர் ஸ்டீஃபன் க்ளின் என்பவரின் குடும்பப் பெயரால் ‘க்ளின் ஆர்ம்ஸ்’ என்றானது. இங்கிலாந்து மதுவிடுதிப் பெயர்களில் அடிக்கடி வரும் ‘ஆர்ம்ஸ்’ என்ற சொல் ஆயுதத்தையோ கையையோ குறிப்பதன்று. குடும்பத்தின் மரபுச் சின்னத்தைக் குறிப்பது. அச்சின்னத்தை வாசல் பலகையில் வரைவது வழக்கம். எனினும் மக்கள் வழங்கிய ‘கோணல்’ என்ற பெயரே இறுதியில் நிலைத்தது.

விழாமல் நின்றது எப்படி?

ஒரு கட்டடம் சாய்ந்தாலும், அதன் மொத்த எடையின் மையப்புள்ளியிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு அடித்தளப் பரப்புக்குள் விழும்வரை அது கவிழாது. ஆனால் செங்கற் சுவருக்கு வேறொரு பலவீனம் உண்டு. மேலிருந்து அழுத்தும் எடையை அது நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. சாய்ந்த சுவரின் ஒரு புறத்தில் அழுத்தம் கூட, மறுபுறத்தில் இழுவை தோன்றுகிறது. அங்கேதான் விரிசல் தொடங்கும்.

1940களில் இக்கட்டடம் ஆபத்தானது என அறிவிக்கப்பட்டு, இடிப்புக்குரிய பட்டியலில் சேர்ந்தது. உல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லி ப்ரூவரீஸ் என்ற மதுபான நிறுவனம் அதை வாங்கி வலுப்படுத்தியதால் அது தப்பியது. தாழ்ந்த முனையில் தடித்த செங்கல் முட்டுச்சுவர்கள் எழுப்பப்பட்டன. சரிந்து வரும் சுவருக்கு எதிர்ப்புறமிருந்து தோள் கொடுப்பதுடன், கட்டடத்தின் அடிப்பரப்பையும் அவை அகலமாக்கின. இரும்பு உத்திரங்களும் பொருத்தப்பட்டன.

இந்தப் பழுதுபார்ப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டடத்தை நிமிர்த்த எவரும் முற்படவில்லை. சாய்வு எந்த அளவில் இருந்ததோ, அந்த அளவிலேயே அதை நிறுத்தி வைத்தனர். குறையாகத் தோன்றிய ஒன்றைக் கட்டடத்தின் அடையாளமாக ஏற்று, அதைக் காப்பதற்கே பொறியியலைப் பயன்படுத்தினர்.

மேல்நோக்கி உருளும் கோலிக்குண்டு

மிகுதியாகச் சாய்ந்த பகுதிகளில் சாய்வு 15 டிகிரி என்று கூறப்பட்டு வந்தது. இத்தாலியின் பைசா கோபுரத்தின் இன்றைய சாய்வு சுமார் 4 டிகிரி என்பதுடன் இதை ஒப்பிடலாம். ஆனால் இந்த விடுதிக்குப் பெயர் தேடித் தந்தது அதன் வெளித்தோற்றம் மட்டும் அன்று. உள்ளே நுழைந்தவுடன் கண்கள் ஏமாறுவதும் அதன் புகழுக்குக் காரணம்.

சுவரில் இருந்த கடிகாரம் சரிந்து தொங்குவது போலத் தெரியும். உண்மையில் அது செங்குத்தாகவே இருந்தது. கோலிக்குண்டை வைத்தால், அது தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கம் நோக்கி ஏறிச் செல்வது போலத் தோன்றும். விருந்தினருக்கு இதைச் செய்து காட்டுவது அங்கு வழக்கமாக இருந்தது.

இதற்கான விளக்கம் எளிது. வெளியே இருக்கும்போது அடிவானம், மரங்கள், பிற கட்டடங்கள் ஆகியவற்றைக் கொண்டு எது நேர், எது சாய்வு என்று மூளை முடிவு செய்கிறது. சாய்ந்த அறைக்குள் அத்தகைய துணை இல்லை. எனவே சுவரையும் தரையையும் சரியானவை என்று எடுத்துக் கொள்கிறது. இப்போது தரை இடப்புறம் 10 டிகிரி தாழ்ந்திருக்கிறது என்றும், ஒரு பலகை அதே இடப்புறம் 2 டிகிரி மட்டுமே தாழ்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தரையைச் சமமாகக் கருதும் கண்ணுக்கு, அப்பலகை இடப்புறம் உயர்ந்திருப்பதாகத் தோன்றும். குண்டு இயற்கை விதிப்படி இடப்புறம் இறங்கும்; காண்பவருக்கோ அது ஏறுவதாகத் தெரியும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் அங்கு கொண்டு சென்றிருந்தால், அவை உண்மையைக் கூறியிருக்கும். ஆனால் அந்த வியப்புக்காகவே மக்கள் அங்கு சென்றனர்.

சட்டத்தின் பாதுகாப்பு ஏன் எட்டவில்லை?

இங்கிலாந்தில் வரலாற்று மதிப்புள்ள கட்டடங்கள் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, முதல் நிலை, இரண்டாம் நிலை (நட்சத்திரம்), இரண்டாம் நிலை என மூன்றாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. பட்டியலில் உள்ளவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானவை இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. அத்தகைய கட்டடத்தை உரிய ஒப்புதலின்றி இடிப்பது குற்றவியல் குற்றமாகும்.

1850க்கு முற்பட்ட கட்டடங்கள், அவற்றின் மூல அமைப்பு பெருமளவு எஞ்சியிருந்தால், பட்டியலில் சேரும் வாய்ப்பு அதிகம். ஆனால் ‘கோணல் வீடு’ பட்டியலில் இடம்பெறவில்லை. அதைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், தீ விபத்துக்குச் சற்று முன்னர்தான் பாரம்பரியக் கட்டடங்களுக்கான அமைப்பான ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ வசம் சென்று சேர்ந்திருந்தது.

பட்டியலில் இல்லாத மதுவிடுதியை எவரும் நினைத்தபடி இடித்துவிடலாம் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் மதுவிடுதிகளை இடிப்பதற்கோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கோ திட்டமிடல் அனுமதி கட்டாயம் என 2017ஆம் ஆண்டு விதி மாற்றப்பட்டது. மதுவிடுதிகள் தொடர்ந்து மூடப்பட்டு வருவது அம்மாற்றத்தின் பின்னணி. ஐக்கிய ராஜ்யத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 60,000ஆக இருந்த மதுவிடுதிகளின் எண்ணிக்கை, தற்போது சுமார் 45,000ஆகக் குறைந்துள்ளது.

முன்னர் உல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லி ப்ரூவரீஸ் என்று இயங்கி, 2007இல் பெயர் மாறிய மார்ஸ்டன்ஸ் நிறுவனம், 2023 ஜூலையில் இந்த விடுதியை விற்றது. அடுத்த சில நாட்களில் தீ விபத்து நேர்ந்தது. செல்லும் பாதையில் மண் குவிக்கப்பட்டிருந்ததால் தீயணைப்பு வண்டிகள் கட்டடத்தை நெருங்குவதில் தடை ஏற்பட்டது. தீவைப்பு எனக் கருதிக் காவல் துறை விசாரணை நடத்தியது. சிலர் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டனர்.

பாதுகாப்பு கருதி மேல்தளத்தின் சில பகுதிகளை மட்டும் அகற்றவே இசைவு அளித்ததாகவும், முழுக் கட்டடத்தையும் இடிக்க ஒப்புதல் தரவில்லை என்றும் தெற்கு ஸ்டாஃபோர்டுஷயர் உள்ளாட்சி மன்றம் தெரிவித்தது. தீப்பிடிக்கும் முன் இருந்த நிலையிலேயே கட்டடத்தை 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுப்ப வேண்டும் என்று 2024 பிப்ரவரி 27இல் அம்மன்றம் அமலாக்க அறிவிப்பு வழங்கியது. அதை எதிர்த்து உரிமையாளர் தரப்பு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீடு முடிவாகும் வரை இத்தகைய அறிவிப்பு நடைமுறைக்கு வராது என்பது அங்குள்ள திட்டமிடல் சட்டத்தின் விதி.

லண்டன் காட்டிய முன்மாதிரி

இடித்தவரையே மீண்டும் கட்ட வைத்த நிகழ்வு இங்கிலாந்தில் ஏற்கெனவே நடந்துள்ளது. லண்டனின் மைடா வேல் பகுதியில் 1920-21இல் கட்டப்பட்ட ‘கார்ல்ட்டன் டேவர்ன்’ மதுவிடுதி, 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடிக்கப்பட்டது. அப்போது அதைத் தேசியப் பட்டியலில் சேர்ப்பது பரிசீலனையில் இருந்தது. செங்கல் செங்கலாக அதை மீண்டும் கட்டுமாறு வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது. 2016இல் நடந்த பொது விசாரணையிலும் அவ்வுத்தரவு உறுதியானது. 2021 ஏப்ரலில் அந்த விடுதி மீண்டும் திறக்கப்பட்டது.

அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் ஆவணம். இடிப்பு நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஐயுற்ற உள்ளூர் மக்கள் பாரம்பரியத் துறையை அணுகியிருந்தனர். அதனால் கட்டடத்தின் நுணுக்கங்கள் முன்னரே விரிவாகப் பதிவு செய்யப்பட்டிருந்தன.

கோணலை மீண்டும் கட்டுவது எப்படி?

‘கோணல் வீடு’ விவகாரத்தில் சிக்கல் இன்னும் கூடுதலானது. லண்டன் விடுதியை ரசமட்டப்படி நேராகக் கட்டினால் போதுமானதாக இருந்தது. இங்கோ 1765இல் நேராகக் கட்டப்பட்டு, பின்னர் நிலத்தோடு சேர்ந்து சாய்ந்த சுவர்களை, தொடக்கத்திலேயே சாய்வாக எழுப்ப வேண்டும். ஈரச் சாந்தின்மீது சாய்வாக அடுக்கப்படும் செங்கல் வழுக்கி இறங்க முனையும். சுவர் இறுகும் வரை தாங்குசட்டங்கள் தேவைப்படும். இன்றைய கட்டட விதிகளின்படி பாதுகாப்பை உறுதிசெய்ய, கண்ணுக்குத் தெரியாத உட்கட்டமைப்பும் தேவைப்படலாம். பொறியியல் நோக்கில் இவை கடினமானவையே, இயலாதவை அல்ல.

அப்படிக் கட்டப்படுவது பழைய கட்டடம் ஆகுமா என்ற கேள்வியும் எழுகிறது. நிலத்துக்கடியில் உழைத்தவர்கள் தோண்டிய வெற்றிடம், மேலே ஒரு வீட்டின் வடிவத்தையே மாற்றியது என்பதுதான் அக்கட்டடம் தாங்கி நின்ற வரலாறு. வரைபடம் பார்த்துச் சாய்வாக எழுப்பும் சுவரில் அந்த வரலாறு இராது. அதே நேரத்தில், மீண்டும் கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டால், அனுமதியின்றி இடிப்பவர் காலி நிலத்தைப் பெறுவார். பிற உரிமையாளர்களுக்கும் அது தவறான செய்தியையே தரும். அன்றைய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் ஆண்டி ஸ்ட்ரீட் உள்ளிட்டோர் செங்கல் செங்கலாக மறுகட்டுமானம் வேண்டும் என வலியுறுத்தியதும், மதுவிடுதிகளுக்கு வலுவான சட்டப் பாதுகாப்பைக் கோரியதும் இதனால்தான்.

மறுகட்டுமானத்துக்கான மூலப்பொருளில் ஒரு பகுதி கைவசம் உள்ளது. இடிபாடுகளிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட செங்கற்கள் மீட்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளன. இடிப்புக்குப் பின் அங்கு திரண்டவர்களில் சிலர் நினைவுப் பொருளாகச் செங்கற்களை எடுத்துச் சென்றதும், அவற்றைத் திருப்பித் தருமாறு வேண்டுகோள் விடுக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கவை. அளவுகளைக் கணக்கிடப் பல தலைமுறைகளின் புகைப்படங்களும் அஞ்சலட்டைகளும் உதவக்கூடும்.

பட்டியலில் இல்லாத கிராம மதுவிடுதிகள் இங்கிலாந்தில் இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றுக்கு இந்த வழக்கு விட்டுச் செல்லும் நடைமுறைப் பாடம் வெளிப்படையானது: அளவெடுப்பு, புகைப்படப் பதிவு, பட்டியல் விண்ணப்பம் ஆகிய மூன்றும் கட்டடம் விற்பனைக்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். கார்ல்ட்டன் டேவர்னில் அந்தப் பதிவு உரிய காலத்தில் நடந்தது. ஹிம்லியில் விண்ணப்பம் பரிசீலனையை எட்டுமுன்பே கட்டடம் இல்லாமல் போனது.